பழைய கம்ப்யூட்டர் கேஸ் மூச்சு விடுமா?

"மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாமே புதிதாக வாங்குகிறேன், இவற்றை மாட்டும் பெட்டியான பதினைந்து வருடப் பழைய கேஸை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

காரணம் 1995. அந்த வருடம் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு, கேஸ் அளவுமுறைதான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 305க்கு 244 மி.மீ. போர்டு, ஸ்க்ரூ துளைகள் இருக்கும் இடம், பின்பக்கச் செவ்வக ஓட்டை, எதுவும் மாறவில்லை. சிலிக்கானில் அத்தனையும் மாறிப்போனபோதும் துளைகளை நகர்த்தாமல் விட்டார்களே, அதை நான் பெரிய பொறியியல் சாதனையாகவே நினைக்கிறேன். சில பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனி அளவில் செய்த கேஸ்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

மற்றவை சில்லறை வேலை. கார்டின் நீளத்தையும் பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் உயரத்தையும் கேஸோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள், போர்டில் துளை இல்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் பழைய பித்தளைக் குமிழ் நின்றால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஷார்ட் ஆகும். சரி, இப்போது காற்றுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் போதும். உங்கள் புது கம்ப்யூட்டர் 400 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அத்தனையும் கடைசியில் வெப்பம்தான். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமென்றால் நொடிக்கு 33 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஒரு நடுத்தர கேஸின் கொள்ளளவே சுமார் 40 லிட்டர்! அதாவது உள்ளே இருக்கும் காற்று முழுவதும் நொடிக்கு ஒருமுறை என்கிற வேகத்தில் புதிதாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கேஸின் பின்னால் இருக்கும் 80 மி.மீ. ஃபேன், தடையே இல்லாவிட்டாலும், இதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம்.

"சூடான காற்று தானாக மேலே போய்விடும், மேல்பக்கம் ஓட்டை போட்டால் போதும்" என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 40 செ.மீ. உயரக் கேஸில் 10 டிகிரி வித்தியாசம் தரும் உந்துதல் 0.16 பாஸ்கல்தான். சாதாரண ஃபேன் ஒன்று தரக்கூடிய அழுத்தம் 10, 20 பாஸ்கல், கிட்டத்தட்ட நூறு மடங்கு. பென்சிலும் தாளும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் உடையும் நம்பிக்கை இது, யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆனால் அந்த 20 பாஸ்கலும் வளிமண்டல அழுத்தத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய தள்ளலை, பழைய கேஸின் முன்தகட்டில் குத்தியிருக்கும் பொடித் துளைகளே தின்றுவிடும். காற்று ஒவ்வொரு துளையிலும் நெருக்குண்டு, வேகமெடுத்து, மறுபக்கம் சுழன்று சக்தியை இழக்கிறது. வேகம் இரட்டித்தால் இந்த இழப்பு நான்கு மடங்காகும். அதனால் ஃபேனைக் கூட்டுவதைவிட வழியை அகலமாக்குவதே அதிகப் பலன் தரும். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு (இரும்புத் தூள் ஆபத்து) அந்தத் துளைத்தகட்டை வெட்டி எடுங்கள்.

அப்புறம் ஒரு அழகான தற்செயல். சிடி டிரைவ் இருந்த மூன்று தட்டுகள் சேர்ந்தால் உயரம் 124 மி.மீ., அகலம் 146 மி.மீ. அங்கே 120 மி.மீ. ஃபேன் அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ஒரே வடிவ இறக்கை, ஒரே சுழல்வேகம் என்றால் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடியில் ஏறும், ஆகவே இது 80 மி.மீ. ஃபேனைவிட மூன்று மடங்குக்கு மேல் தள்ளும்.

எல்லாம் மாட்டியதும் அரை மணி நேரம் கனமான வேலை ஏதாவது கொடுத்து வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பக்கக் கதவைத் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் முன்பக்கம் இன்னும் அடைபட்டிருக்கிறது, இரண்டு மூன்றுதான் என்றால் கதவை மூடி ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம்.