ஒரே கேஸ், மூன்று அனுபவ நிலைகள்: கன்சல்டிங் இன்டர்வியூவுக்குத் தயாராகும் முறை

மெக்கின்சி, பிசிஜி, பெயின் போன்ற கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும்) நிறுவனங்களின் இன்டர்வியூவில் ஐஐடி இறுதியாண்டு மாணவருக்கும், எம்பிஏ படிப்பவருக்கும், எட்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேஸ்தான் வரும்; கேஸ் என்றால் ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து, காரணமும் தீர்வும் கேட்பது. ஆனால் மூவரிடமும் கவனிக்கப்படுவது வேறு வேறு. இது தெரியாமல் மூவரும் ஒரே கேஸ் புத்தகத்தை ஒரே விதமாக உருப்போடுகிறார்கள். நன்றாக உழைத்தவர்கள்கூடச் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். இட்லி மாவு பாக்கெட் விற்கும் நிறுவனம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 12 கோடியாக இருந்த லாபம் இப்போது 8 கோடி. என்ன காரணம், என்ன செய்யலாம்?

கேட்டால் சில எண்கள் கிடைக்கும். கடைக்குக் கொடுக்கும் விலை 50 ரூபாய், அதில் மாற்றமில்லை. ஒரு பாக்கெட்டைத் தயாரித்துக் கடையில் சேர்க்க 40 ரூபாய். நிலையான செலவு ஆண்டுக்கு 4 கோடி. விற்பனை 2 கோடி பாக்கெட்டிலிருந்து 2.2 கோடியாகக் கூடியிருக்கிறது. விற்பனை கூடியும் லாபம் ஏன் இறங்கியது? "தயாரித்தது எத்தனை?" என்று கேட்பவருக்குத்தான் முடிச்சு அவிழும். அப்போது 2.1 கோடி, இப்போது 2.45 கோடி. அதாவது விற்காமல் புளித்துத் திரும்பும் பாக்கெட் 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகிவிட்டது. கூடுதலாக விற்ற 20 லட்சத்தில் தலா 10 ரூபாய் வீதம் 2 கோடி வரவு. கூடுதலாகத் திரும்பிய 15 லட்சத்தில் தலா 40 ரூபாய் வீதம் 6 கோடி இழப்பு. 12 + 2 − 6 = 8. கணக்கு நேராகிவிட்டது.

இறுதியாண்டு மாணவரிடம் மாவு வியாபாரம் பற்றிய அறிவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேள்வியைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறாரா, ஒரு நிமிடம் அவகாசம் கேட்டுத் தாளில் ஒழுங்காகப் பிரித்து எழுதுகிறாரா, எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே அதிகம் விழும் அடி பூஜ்ஜியத்தில். 1 மில்லியன் என்பது 10 லட்சம். 1 பில்லியன் 100 கோடி. 1 டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. கேஸ் டாலரில் தொடங்கி ரூபாயில் முடியும்போது இது தடுமாறினால் மற்றதெல்லாம் வீண். தினமும் 15 நிமிடம் கால்குலேட்டர் இல்லாமல் பெருக்கலும் சதவீதமும் போடுங்கள்.

கெஸ்டிமேட்டும் (தெரியாத ஓர் எண்ணை ஊகங்களை வைத்துக் கணக்கிடுவது) இவர்களுக்கு அடிக்கடி வரும். சென்னையில் வாரத்துக்கு எத்தனை மாவு பாக்கெட் விற்கும்? 80 லட்சம் பேர், வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 20 லட்சம் வீடுகள். பாதி வீடுகள் வாரம் 2 பாக்கெட் வாங்கினால் 20 லட்சம். இங்கே நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பாக்கெட் ஆகிறது. நம் மாவு நிறுவனம் சென்னையில் மட்டும் விற்பதாக இருந்தால், 2.2 கோடி விற்று அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்திருப்பது நம்பும்படி இருக்கிறதா என்று நீங்களே சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும். விடை துல்லியமாக இருப்பதைவிட இந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பு அதிகம்.

எம்பிஏ மாணவருக்குப் பிரித்து எழுதத் தெரியும் என்பது முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்படும். வரவு, செலவு என்று மரம் வரைந்து ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கினால் நேரம்தான் போகும். "விலை மாறவில்லை, விற்பனை கூடியிருக்கிறது, அதனால் செலவில் எது விற்பனையைவிட வேகமாக ஏறியது என்று முதலில் பார்க்கிறேன்" என்று எங்கே தோண்டப்போகிறார், ஏன் என்று சொல்ல வேண்டும். முடிவுரையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும், விடை முதலில் வர வேண்டும்: "கடைகளுக்கு அனுப்பும் அளவைக் குறைத்து, திரும்பும் பாக்கெட்டைப் பழைய 10 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் 6 கோடி மீளும். சரக்கு தீர்ந்துபோய்க் கொஞ்சம் விற்பனை இழக்கும் ஆபத்து உண்டு. முதலில் 50 கடைகளில் ஒரு மாதம் செய்து பார்க்கலாம்."

அனுபவசாலிகளுக்கு ஆபத்து அவர்களுடைய அனுபவமேதான். எண்களைப் பார்க்கும் முன்பே "இது விநியோகஸ்தர் பிரச்சினை" என்று சொல்லிவிடுவார்கள். சரியாகவே இருந்தாலும், காட்டாத வழிக்கு மதிப்பெண் இல்லை. அதே அனுபவம் இன்னொரு இடத்தில் பொன்னாகும்: பாக்கெட் ஏன் திரும்புகிறது என்ற அடுத்த கேள்வியில். விற்பனைப் பிரதிநிதிக்கு ஊக்கத்தொகை கடையில் இறக்கிய பாக்கெட்டுக்கா, விற்றுப்போன பாக்கெட்டுக்கா? இறக்கியதற்குத்தான் என்றால் அவர் தேவைக்கு மேல் தள்ளத்தான் செய்வார். அந்த விதியை மாற்றினால் யார் எதிர்ப்பார்கள், அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று பேசுபவரைத்தான் இந்த நிலையில் தேடுகிறார்கள். எக்செல் பழக்கத்தில் மனக்கணக்கு துருப்பிடித்திருக்கும்; மாணவர் செய்யும் அந்த 15 நிமிடப் பயிற்சி இவர்களுக்கும் கட்டாயம்.

மெக்கின்சியில், அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்லி, கேஸைக் கேள்வி கேட்பவரே நடத்துவார். பிசிஜியிலும் பெயினிலும் பெரும்பாலும் நீங்கள்தான் நடத்த வேண்டும். இரண்டு விதத்திலும் பழகுங்கள். மெக்கின்சியில் கேஸோடு உங்கள் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றையும் பத்துப் பதினைந்து நிமிடம் துருவுவார்கள். குழுவாகவே வேலை பார்த்துப் பழகியவர்கள் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டு போவார்கள், "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி வந்ததும் திணறுவார்கள்.

ஐஐடிகளில் வேலைவாய்ப்பு நேர்காணல்கள் டிசம்பர் 1 அன்று தொடங்குவதால், மாணவர்கள் செப்டம்பரிலாவது ஆரம்பிக்க வேண்டும். ஆளோடு உட்கார்ந்து செய்த 30 கேஸ் போதும். தனியாகப் படித்த 100 கேஸ் அதற்கு ஈடாகாது. வேலையில் இருப்பவர்கள் வார இறுதிக்கு இரண்டு கேஸ் என்று மூன்று மாதம் ஒதுக்கலாம். எதிரே உட்காருபவர் பாதியில் குறுக்கிட்டு "ஏன்?" என்று கேட்கிறவராக இருக்கட்டும். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் ஒரே ஒரு தவறை மட்டும் எழுதிவையுங்கள். அதே தவறு மூன்று முறை வந்தால் புதுக் கேஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு அதை மட்டும் பழகுங்கள்.

இன்டர்வியூ நடுவில் கணக்குப் பிசகியது தெரிந்தால் மறைக்க வேண்டாம். "15 லட்சத்தை 1.5 லட்சமாக எடுத்துவிட்டேன், திருத்துகிறேன்" என்று சொல்லி, அந்த வரியிலிருந்து மறுபடி போட்டு, மாறிய விடையால் முடிவு மாறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.