முருகன்குறிச்சியில் ட்ரைலோபைட்டுகள்

பணி ஓய்வுக்குப் பின் நிலவியல் படிக்கத் தொடங்கியிருக்கும் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், பூமி வரலாற்றின் ஒரு பகுதியான பேலியோசோயிக் ஊழியின் ஆறு காலகட்டங்கள் எத்தனை முறை படித்தாலும் வரிசை மாறிவிடுவதாகவும், இந்த வயதில் மனப்பாடம் கைகூடுமா என்றும் கேட்டிருக்கிறார். நிச்சயம் கைகூடும், பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்ட இடமுறை, அதாவது நினைவில் வைக்க வேண்டியவற்றைப் பழகிய இடங்களில் மனக்கண்ணால் வரிசையாக நிறுத்தும் முறை, அதற்குப் போதும்.

பாளையிலிருந்து நெல்லை டவுனுக்குப் போகும் சாலையை மனத்தில் கொண்டுவாருங்கள். முருகன்குறிச்சியில் பழங்காலக் கடல் கணுக்காலிகளான ட்ரைலோபைட்டுகள் சாலையை மறித்து ஊர்கின்றன: கேம்பிரியன். வண்ணாரப்பேட்டையில் நீண்ட கூம்பு ஓட்டுடன், கணவாயின் உறவினரான நாட்டிலாய்டுகள்: ஆர்டோவிசியன். கொக்கிரகுளத்தில் நிலத்தை முதன்முதலாகப் பற்றிய சிறு செடிகள்: சிலூரியன். சுலோச்சன முதலியார் பாலத்தின் கீழ், தாமிரபரணியில் கவசத் தலையுடைய மீன்கள்: டெவோனியன். ஈரடுக்குப் பாலத்தை மூடி வளர்ந்த நிலக்கரிக் காடு கார்போனிஃபெரஸ். டவுன் ஆர்ச்சில் முதுகுப் பாய் விரித்து நிற்கும் டைமெட்ரோடான் என்ற தொல்விலங்கு பெர்மியன்.

இது பலிப்பதற்கான காரணம்தான் எனக்குத் தீராத வியப்பு. 1971-இல் நரம்பியல் அறிஞர் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில நரம்புச் செல்கள் அது குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும்போது மட்டும் துடிப்பதையும், இடம் மாறினால் வேறு செல்கள் துடிப்பதையும் கண்டறிந்தார். 2005-இல் மோசர் இணையர், அதையடுத்த என்டோரைனல் புறணியில், தளம் முழுவதையும் அறுகோண ஒழுங்கில் அளக்கும் செல்களைக் கண்டனர். மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். இதே ஹிப்போகாம்பஸ்தான் நேற்று யாரைச் சந்தித்தோம், என்ன பேசினோம் என்ற நிகழ்வுகளையும் பதிவு செய்கிறது. ஆகவே, ஒட்டுறவில்லாத பெயர்களைப் பழகிய சாலையில் நிறுத்தும்போது, பல்லாண்டு நடந்து மூளை எழுதி வைத்த வரைபடத்தின் வரிசையே அவற்றின் வரிசையாகிவிடுகிறது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் அரை மணி நேரமாக ஆறு வாரம் இம்முறையைப் பழகியவர்கள், 72 சொற்களில் சராசரியாக 26 நினைவுகூர்ந்த நிலையிலிருந்து 62-க்கு உயர்ந்தனர்.

தேர்வுக் காலத்தில் ஞாபகசக்தி மாத்திரைக்கும் தாயத்துக்கும் பணம் கரைக்கும் பெற்றோரைக் காணும்போது வேதனையாக இருக்கிறது. செலவே இல்லாத இப்பயிற்சியைப் பள்ளிகள் கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மறதியும் தன் வேலையைச் செய்யும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியதுபோல், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவும். எனவே மறுநாளும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் புத்தகத்தைத் திறக்காமல் இந்தச் சாலையில் மனத்தால் நடந்து பாருங்கள். ஆறும் பிசகாமல் வந்தபின், அடுத்த ஊழியின் காலகட்டங்களான ட்ரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் ஆகியவற்றை நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் வைக்கலாம். கடைசியான கிரெட்டேசியஸுக்கு, அரியலூரில் புதைபடிவங்களாகக் கிடைக்கும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் பொருத்தமாக இருக்கும்.