ஆச்சி சொன்னது காகிதத்தில் இல்லை: லிவிங் வில் எழுதப்போகிறவர்களுக்கு

எங்கள் தெரு ஆச்சிக்கு 84 வயது. "எனக்கு முடியாமப் போனா குழாயெல்லாம் சொருகிராதீங்கப்பா, இந்தப் பட்டாலையிலயே போயிரணும்" என்று முறுக்கு சுற்றும்போதுகூடச் சொல்வார். மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த அன்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன் எல்லாம் செய்யுங்கள் என்றார், இன்னொருவர் வேண்டாம் என்றார். 19 நாள் வென்டிலேட்டர். வீங்கிய கையிலிருந்து வளையலை வெட்டி என்னிடம்தான் கொடுத்தார்கள்.

ஆச்சியின் ஆசையைக் காகிதத்தில் எழுதி வைக்க வழி இருக்கிறது, அதுதான் லிவிங் வில்: பிழைக்க வழியில்லாதபோது எந்த வைத்தியம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும். 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், அப்புறம் நோட்டரி அல்லது பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெஜட்டட் அதிகாரி, அவ்வளவுதான். சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், சொத்து உயிலோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

பெரிய கண்ணி நேரம்தான். நினைவு தெளிவாக இருக்கும்போது எழுதுகிறவரே மனமொப்பிப் போட்ட கையெழுத்துதான் செல்லும். ஐசியூ வாசலில் விரலைப் பிடித்து வைத்த ரேகை செல்லாது. சாட்சிக்குச் சொத்தில் பங்குள்ள பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள், வெளியாளே நல்லது. உங்களுக்காகப் பேச ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயர் எழுதுங்கள், அதில் ஒருவராவது கூப்பிட்ட அரைமணியில் வந்து நிற்கிறவராக இருக்கட்டும்.

ஒரு நகலை உள்ளாட்சியில் கொடுக்க வேண்டும். காரைக்குடி என்றால் மாநகராட்சி, தேவகோட்டை என்றால் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சி. இங்கேதான் அலைச்சல். வாங்கி வைக்க ஓர் அதிகாரியை அவர்கள்தான் நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது, ஆனால் நான் போன ஆபீசில் "இது எங்க வேலை இல்லை, கலெக்டர் ஆபீஸ் போங்க" என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். வாதாடி நேரத்தை வீணாக்காமல் தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒன்று.

இது கருணைக்கொலை ஊசி இல்லை. கால் முறிந்தால் வைத்தியம் நடக்கும், வலிக்கு மருந்தும் நிற்காது. பிழைக்க வழியில்லாமல், சொந்தமாக முடிவெடுக்கவும் முடியாத நிலையில்தான் இந்தக் காகிதம் பேசும். அப்போதும் ஆஸ்பத்திரி ஒரு மருத்துவக் குழு, அதைச் சரிபார்க்க இன்னொரு குழு வைத்து முடிவெடுக்க வேண்டும், கூடியவரை 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும். குழுவெல்லாம் கிடையாது, 'சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்' என்று கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அவசரப்பட்டுப் போடாதீர்கள். குழுவை எப்போது கூட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மூலக் காகிதத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள், மாத்திரைச் சீட்டு இருக்கும் ஃபைலிலேயே இருக்கட்டும்.