நுண்கடனா, குறுங்கடனா?

மைக்ரோ கிரெடிட்டை நுண்கடன் என்றும் எழுதுகிறார்கள், குறுங்கடன் என்றும் எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பக்கம் பேச்சில் வருவது ‘குரூப் லோன்’ மட்டும்தான்.

மைக்ரோ என்றால் கிரேக்கத்தில் சிறியது. கிரெடிட், ‘நம்பு’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அடமானம் கேட்காமல், ஆளை நம்பித் தரும் சிறுதொகை என்பது பொருள். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய கிராமீன் முயற்சி 1983-இல் வங்கியானது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முளைவிட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004-இல் தனி மாவட்டமானது.

நம் ‘கடன்’ நம்பிக்கையைவிடக் கடமையைச் சொல்லும் சொல். காலைக்கடன், நேர்த்திக்கடன் ஆகியவற்றில் பணமே இல்லை. அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவதற்குக் குறள் 221 ‘குறியெதிர்ப்பை’ என்கிறது. அது இன்றைய கைமாற்றுக்கு நெருக்கம், வட்டியும் தவணையும் உள்ள கடனுக்குப் பொருந்தாது.

நுண்ணுயிர், நுண்ணறிவு என நுண்மை நேர்த்தியையும் கண்ணுக்கு எட்டாததையும் குறிக்கும். அளவில் சிறியதற்குக் குறு விவசாயி, குறுந்தொழில் என்கிறோம். ஆகவே குறுங்கடனே சரி. ஆனால் ‘குறுகிய காலக் கடன்’ என்பது வேறு, பயிர்க்கடன் போன்றது, இரண்டையும் கலக்கக்கூடாது.

பேரிடரில்தான் இந்தச் சொல்லின் உள்ளடக்கம் சோதிக்கப்படுகிறது. பத்துப் பேர் குழுவில் ஒருவர் தவணை தவறினால் ஒன்பது பேர் தாங்குவார்கள் என்பது இதன் அடிப்படை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பத்துப் பேரும் சேர்ந்தே விழுகிறார்கள். தாங்க யார் இருப்பார்?

அதனால் பேரிடருக்குப் பின் தொழிலை மீட்க வாங்கும் மீட்சிக் கடனின் தவணை, தொழிலின் நாள்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மல்பெரித் தோட்டத்தில் தேங்கிய நீரை வடித்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால், இலை பறிக்க 45 முதல் 60 நாள். பிறகு புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டி முடிய ஏறக்குறைய ஒரு மாதம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகிவிடும். அடுத்த வாரமே தவணை என்றால், அதைக் கட்ட இன்னொரு கடன் வாங்க நேரும். அந்தச் சுழல்தான் குடும்பத்தை முறிக்கிறது.

இங்கே இன்னொரு சொல்லும் குழப்புகிறது: மாரட்டோரியம். இதைத் தள்ளுபடி என்று எண்ணிவிடுகிறார்கள். சரியான தமிழ் ‘தவணை ஒத்திவைப்பு’. தவணை நிற்கும், வட்டி நிற்காது. ரூ.30,000 கடனுக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்தில் ரூ.1,800 சேரும். அந்தத் தொகை அசலோடு சேர்ந்ததா, தனியாக நிற்கிறதா, தவணை கூடியதா, மாதங்கள் நீண்டனவா என்பதைப் புது தவணை அட்டையில் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.