கேரட் விளையும் ஊரில் ஒரு கினி பிக்

போன வருடம் பனிக்காலத்தில், நம் நீலகிரியின் கேத்திப் பக்கமிருந்து ஒரு பாட்டியும் நாலாவது படிக்கும் பேத்தியும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். பேத்தியின் ஸ்வெட்டருக்குள் ஒரு கினி பிக், வீட்டில் செல்லமாக வளர்க்கும் சின்னப் பிராணி. பெயர் பஞ்சு. மேசைமேல் வைத்ததும் வைத்த இடத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது. பின்னங்காலைத் தொட்டேன், கீச்சென்று கத்தியது. முட்டி வீங்கியிருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு சிவந்து, பல்லோரம் லேசாக ரத்தம்.

"என்னங்கம்மா சாப்பிடுது?"

"கேரட்டுதாங்க டாக்டரம்மா. நம்ம தோட்டத்துல கொட்டிக் கிடக்குது. கழுவி, நறுக்கி, மூணு வேளையும் வெக்கிறோம். ஒரு குறையும் வெக்கல."

கடையில் வாங்கிய தீவன உருண்டையும் கொடுத்திருக்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காய்ந்த புல் என்ற ஒன்று வேண்டும் என்றே அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பஞ்சுவுக்கு வந்திருந்தது ஸ்கர்வி. வைட்டமின் சி குறைவதால் வரும் நோய். நாய், பூனை, மாடு, ஆடு எல்லாம் வைட்டமின் சியைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதர்களைப் போலவே கினி பிக்கால் அது முடியாது. தினமும் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. நூறு கிராம் கேரட்டில் இருப்பது சுமார் 6 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேரட்டிலிருந்து மட்டும் 20 மில்லிகிராம் கிடைக்க வேண்டுமென்றால் 300 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். முழுதாக வளர்ந்த கினி பிக்கே ஒரு கிலோ அளவுதான் இருக்கும்!

தீவன உருண்டையில் வைட்டமின் சேர்த்திருப்பார்கள், ஆனால் அது நாளாக நாளாக அழிந்துவிடும். தயாரித்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் அதை நம்ப முடியாது. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்து, சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைப்பதையும் நான் சொல்வதில்லை. தண்ணீரில் சீக்கிரம் வீணாகிவிடும், ருசி மாறுவதால் சில கினி பிக் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும்.

கேரட்டைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. "கடினமா இருக்கே டாக்டர், கடிச்சாப் பல்லு தேயுமில்ல?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். தேயாது. கினி பிக்கின் பற்கள், கடைவாய்ப்பல் உட்பட, ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். கேரட் நாலு கடியில் உடைந்து உள்ளே போய்விடும். புல் கிடைக்காத கினி பிக்குக்குக் கடைவாய்ப்பல் வளர்ந்து நாக்கையே மூடிக்கொள்வதுண்டு. பசி இருக்கும், தட்டு வரைக்கும் ஓடி வரும், ஆனால் மெல்ல முடியாமல் திரும்பிவிடும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

பன்றி என்று பெயர் இருந்தாலும் இது எலியைப் போலக் கொறிக்கும் இனம். கினி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைதான் பூர்வீகம். நம் மாதிரியே மலைக்காரப் பிராணி, மலைப்புல் தின்று வளர்ந்த வம்சம். அதனால் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாகவே இருக்க வேண்டும், அதுவும் இரவும் பகலும் எட்டும் இடத்தில். டிமோத்தி புல், ஓட்ஸ் புல் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், அதையே உணவாக நம்ப வேண்டாம்.

சரி, ஆசைக்கு என்ன கொடுக்கலாம்? ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டதும் "வீக் வீக்" என்று கூப்பிடும் பிராணிக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. எனக்கும் அது தெரியும்.

நான் முதலில் சொல்வது குடைமிளகாய். நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் 80 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு, சிவப்பில் அதைவிட அதிகம். சின்னதாக ஒன்று எடுத்து, காம்பையும் விதையையும் நீக்கி, கால் பாகம் கொடுத்தால் அன்றைய தேவை கிட்டத்தட்ட முடிந்தது. ஒரு பிடி மல்லித்தழையும் தினமும் தரலாம். கேரட் தோட்டம் வைத்திருப்பவர்கள் கிழங்கைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மருந்து அடிக்காத பாத்தியிலிருந்து தழையைப் பறித்து வாரம் இரண்டு மூன்று தடவை போடுங்கள். அதற்குமேல் வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். கினி பிக் அதிகப்படியான சுண்ணாம்பைச் சிறுநீரில்தான் வெளியேற்றும், அது படிந்து படிந்து கல்லாகும். முருங்கைக்கீரை, பசலை, பீட்ரூட் இலை, தண்டுக்கீரை இவற்றையும் எப்போதாவது இரண்டு இலை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் நம் ஊரில் மலிவுதான், ஆனால் நிறையத் தின்றால் வயிறு உப்பும். கினி பிக்குக்கு வாந்தி எடுக்க வராது, உப்பிய வயிறு அதன் உயிருக்கே ஆபத்து.

கேரட்டும் கொடுக்கலாம். கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு, வாரத்தில் இரண்டு நாள். பிளம்ஸ், பீச், பேரிக்காய், ஸ்ட்ராபெரி எல்லாவற்றுக்கும் அதே நகக்கணக்குதான். கொட்டை, விதை எதுவும் உள்ளே போகக்கூடாது.

கடையில் தொங்கும் தேன் தடவிய விதைக் குச்சி, தயிர் உருண்டை இரண்டையும் வாங்காதீர்கள். இலை தின்னும் பிராணிக்குப் பாலும் சர்க்கரையும் எதற்கு? வர்க்கி, பிஸ்கட், சாக்லேட் எதையும் ஒரு துணுக்குகூடக் கொடுக்க வேண்டாம். விடுமுறைக்கு வரும் சொந்தக்காரக் குழந்தைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் ஆகாது.

புல் பறிக்கப் போகும் இடமும் முக்கியம். களைக்கொல்லி அடித்த தேயிலைத் தோட்டத்து ஓரம் வேண்டாம், நாய் நடமாடும் ரோட்டோரமும் வேண்டாம். நம் மலையில் பார்க்க அழகாக இருக்கும் பலதும் விஷம்: எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் ஊமத்தை வகைப் பூ, சதுப்பில் பூக்கும் வெள்ளை லில்லி, உண்ணிச்செடி, மலைப்பெரணி. தெரியாத செடி ஒன்று கலந்திருந்தாலும் கட்டு முழுவதையும் தள்ளிவிடுங்கள். பறித்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதனால் பரப்பி வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கீரையைச் சில்லென்று கொடுக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள்.

புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் ஒரு துணுக்கு. மறுநாள் புழுக்கையைப் பாருங்கள். காராமணி அளவில், ஒரே மாதிரி, காய்ந்ததுபோல இருந்தால் ஒத்துக்கொண்டது. குழைந்தாலோ குறைந்தாலோ அதை நிறுத்திவிட்டுப் புல்லுக்குத் திரும்புங்கள்.

பஞ்சுவுக்கு வைட்டமின் மருந்து கொடுத்து, கூடவே புல்லும் குடைமிளகாயும் தொடங்கி ஒரு வாரத்தில் நடக்க ஆரம்பித்தது. பாட்டி இப்போது அதைத் தோட்டத்துத் தராசில் ஞாயிறுதோறும் நிறுக்கிறார், பேத்தி நோட்டில் எழுதி வைக்கிறாள். எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது. அடர்ந்த ரோமத்துக்குள் உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும்.

அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் ஓட்டம் நின்றுவிட்டால் மீட்பது சிரமம். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமாக எழுதித் தரும் அமாக்ஸிசிலின் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றே விடும். உடனே ஃபோன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். துணியில் சுற்றிச் சூடாக எடுத்து வாருங்கள். கடைசியாகத் தின்றதில் மிச்சம் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.