ஃபாரின் பொம்மையும் பொத்தான் பேட்டரியும்

குழந்தைகள் பிரிவில் எக்ஸ்ரே படத்தைக் காட்டும்போது பல பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "டாக்டர், சைனா பொம்மையெல்லாம் நாங்க வாங்குறதே இல்லை. இது இவன் சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்தது."

படத்தில் உணவுக்குழாய்க்குள் வட்டமாக ஒன்று தெரியும். காசு என்றால் ஓரம் ஒரே கோடு. பொத்தான் பேட்டரி (சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான குட்டி பேட்டரி) என்றால் இரட்டை வளையம். அது அங்கே சிக்கிக்கொண்டால் எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துவிடும்.

சீனப் பொருள் என்றால் பயம், ஃபாரின் பொருள் என்றால் நம்பிக்கை. ஆனால் துபாய் கடையில் இருக்கும் பொம்மையும் பெரும்பாலும் சீனாவில் செய்ததுதான். பெரிய பிராண்டும் முழுக் காப்பு இல்லை. 2007-ல் மேட்டல் நிறுவனம், ஈயம் கலந்த பெயின்ட் காரணமாகச் சீனாவில் செய்த லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிக்கும் இதே விதிதான். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் (CM/L) என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, இந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் (BIS Care) செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். உறவினர் பெட்டியில் வரும் பொம்மைக்கு இந்தச் சோதனை எதுவும் நடப்பதில்லை. திருவிழாக் கடையில் குவித்து விற்பதிலும் பெரும்பாலும் முத்திரை இருக்காது. (பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவர்களின் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் ஐஎஸ்ஐ இல்லையே என்று பயப்பட வேண்டாம்.)

எந்த நாட்டுப் பொம்மையானாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பேட்டரி மூடியைத்தான். திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் அது என் வீட்டுக்குள் வராது. உதிரும் குட்டிக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால், குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகமே போதும், கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் ஊட்டி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அந்தப் பொம்மையையும், அதே மாதிரி பேட்டரி வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் அளவு எங்களுக்குத் தெரிந்துவிடும்.