குனோங் லேடாங்: மேகம் ஏறுவதற்கு முன் நாம் ஏற வேண்டும்

ஜொகூரில், குனோங் லேடாங் மலையின் அருகே உள்ள தங்காக்கில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. காலை எட்டு மணிக்குச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே குனோங் லேடாங் அடி முதல் நுனி வரை பளிச்சென்று தெரியும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு உச்சி மேகத்துக்குள் போய்விடும். மூன்று, நான்கு மணிக்கு மலைப்பக்கம் இடி முழங்கும். கடைத்தெருவிலோ ஒரு சொட்டு மழை இருக்காது. ஒரே நாளில் ஏறி இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மலை எவ்வளவு உயரம், பாதை எவ்வளவு தூரம் என்றுதான். நேரத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த மேகம் ஏன் அந்த நேரத்தில் அங்கே வந்து உட்காருகிறது என்பது புரிந்துவிட்டால், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

கடிகாரத்திலிருந்து தொடங்குவோம். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்பதற்காக, 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தை நாமும் எடுத்துக்கொண்டோம். தங்காக் இருப்பதோ 102 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்று பத்துக்கு. விடிவதும் அதேபோல் ஏழு மணியை ஒட்டித்தான். மழை நம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெய்வதில்லை, சூரியனைப் பார்த்துப் பெய்கிறது. அதனால்தான் இங்கே இடிமழை பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல் வலுக்கிறது.

சரி, மேகத்துக்கு வருவோம். வெயில் ஏறும்போது மலைச்சரிவு சூடாகிறது. சரிவை ஒட்டியிருக்கும் காற்று, அதே உயரத்தில் சமவெளிக்கு மேலே நிற்கும் காற்றைவிட அதிகமாகச் சூடாகிறது. சூடான காற்று லேசானது. சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். காலியான இடத்துக்குக் கீழிருந்து தோட்டங்களின் ஈரக்காற்று வந்து சேரும். இப்படி மேலேறும் காற்று, அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ். ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவியைத் தாங்க முடியாமல் துளிகளாக விடும். அந்த இடம்தான் மேகத்தின் அடித்தட்டு.

அது எந்த உயரத்தில் அமையும் என்பதை நாமே மதிப்பிடலாம். காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; வானிலைச் செயலிகள் பலவற்றில் இது இருக்கும். அடிவாரத்தில் 30 பாகை, பனிநிலை 24 என்றால் வித்தியாசம் 6. மேகம் 750 மீட்டரில் பிறக்கும். பிற்பகல் 32 பாகை ஆனால் 1,000 மீட்டரில். லேடாங்கின் உச்சி 1,276 மீட்டர். எப்படிப் பார்த்தாலும் உச்சி மேகத்துக்குள்தான். காலை எட்டு மணிக்கு மட்டும் ஏன் இல்லை? அப்போதும் ஈரம் இருக்கிறது. ஆனால் காற்றைச் சரிவில் மேலே தள்ளும் வெயில் இன்னும் ஏறவில்லை. உச்சியில் நின்று ஊரைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

அப்புறம் நடப்பது இன்னும் முக்கியம். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றை மறுபடி லேசாக்கி, மேலும் மேலே தள்ளுகிறது. மேகம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேலும் எழும்பிவிடும். அந்த உயரத்தில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னூட்டம் பிரிகிறது. மின்னல் அங்கேதான் உருவாகிறது. கனத்துப்போன மழை கீழே விழும்போது, குளிர்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. மலையில் இருக்கும்போது திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று அடித்து, மரமெல்லாம் ஒரே பக்கமாக ஆடினால், மழை வர இன்னும் சில நிமிடமே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது உச்சியிலோ மொட்டைப் பாறையிலோ இரும்பு ஏணியிலோ இருக்கக் கூடாது. மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். இடி கேட்க ஆகும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். முப்பது விநாடிக்குள் கேட்டால் அது ஆபத்தான தூரம். காட்டுக்குள் முழுப் பாதுகாப்பான இடம் என்று எதுவும் இல்லை. முகட்டிலிருந்து இறங்கி, தனியாக ஓங்கி நிற்கும் மரத்தை விட்டு விலகி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நிற்பதுதான் செய்யக்கூடியது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போன பிறகு நகரலாம்.

நீர்வீழ்ச்சியோடு நின்றுகொள்ளலாம் என்று மலையடிவாரத்தில் உள்ள சாகிலுக்கு வரும் குடும்பங்களுக்கும் இந்த மேகம் சொந்தம்தான். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டிய மழை ஆற்றில் ஒரேயடியாக இறங்கும். கெபாலா ஆயேர் என்று மலாய்க்காரர்கள் பயப்படுவது இதைத்தான். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளம் கெடாவின் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், ஓடையின் இரைச்சல் கூடினால், துண்டையும் செருப்பையும் தேட வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறுங்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்திலேயே பெரியவர்களையும் சாய்த்துவிடும்.

இனி நேரக் கணக்கு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு எளிய விதியைச் சொன்னார். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஒரு வழி 5 கிலோமீட்டர், ஏற்றம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே போக இரண்டே முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இது ஸ்காட்லாந்தின் குளிரில், திறந்த மலையில் நடப்பதற்கான கணக்கு. வேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவில், கயிற்றைப் பிடித்து ஏறி, ஏணியில் வரிசையில் நின்று போகும் நம் காட்டுக்கு இதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படியானால் நான்கு முதல் ஐந்தரை மணி. ஏழரைக்குக் கிளம்பி பன்னிரண்டுக்கு உச்சியைத் தொட்டு, அரை மணி நின்று இறங்கினால், அடிவாரம் சேர நான்கு மணியைத் தாண்டிவிடும். பத்து மணிக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அந்திவெளிச்சம் நீடிக்காது; அடர்ந்த கூரைக்குக் கீழே காடு அதற்கு முன்பே இருண்டுவிடும். தலைவிளக்கு இல்லாமல் ஏறவே கூடாது.

ஆகவே திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போனதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. இரவில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கினால் அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் குறைந்துவிடும். அவர்களின் நேரம் மரத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் சரியானது.

எந்த மலை என்ற கேள்விக்கு, உச்சியின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கினபாலு 4,095 மீட்டர். ஆனால் ஏறத் தொடங்கும் திம்போஹோன் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது. தாமான் நெகாராவின் குனோங் தஹான் 2,187 மீட்டர்தான்; தூரம் அதிகம் என்பதால் பல நாள் பயணம். லேடாங் இவை இரண்டையும்விடக் குட்டை, ஆனால் ஏறக்குறைய அடியிலிருந்தே ஏற வேண்டும். பூங்கா அலுவலகத்துக்கு முதல் நாளே போன் போட்டு, பதிவு, வழிகாட்டி, எத்தனை மணிக்குள் வர வேண்டும், பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் பருவ மாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியைக் காலையில் ஒரு முறை பார்ப்பது நல்லது.

உடம்புக்குள் நடப்பதையும் பார்ப்போம். 60 கிலோ எடை உள்ளவர் 5 கிலோ பையோடு 1,000 மீட்டர் ஏறினால், எடையைத் தூக்கும் வேலை மட்டும் ஏறக்குறைய 640 கிலோஜூல். தசை தான் செலவழிக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்கு, அதாவது 1,900 கிலோஜூல், வெப்பம். அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும். ஆனால் காட்டுக்குள் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. மழைநாளில் கொடியில் போட்ட துணி காயாதது போல, வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் உடம்பு இன்னும் வியர்க்கிறது. கடினமான ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவதுண்டு.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் கூடும், குறையும். உப்பு போகப் போகத் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம் என்று போகும். புளிச்சோறு, ஊறுகாய், உப்புக்கடலை எல்லாம் இங்கே மருந்து. தாகத்துக்குக் குடித்து, மணிக்கொரு முறை எதையாவது உப்பாகக் கொறியுங்கள். 1854இல் இதே மலையில் ஏறிய ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், தண்ணீர் கிடைக்காமல் குடுவைச் செடியின் குடுவையில் தேங்கிய, பூச்சிகள் கிடந்த நீரைக் குடித்தார். வெதுவெதுப்பாக இருந்தாலும் சுவை நன்றாகவே இருந்தது என்று எழுதியிருக்கிறார். நாம் அந்தச் செடிகளைத் தொடாமல் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

இவ்வளவு சூட்டைப் பற்றிப் பேசிவிட்டுக் குளிரைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்திச் சட்டையோடு, 20 பாகைக் காற்றில், களைத்துப்போய் மழைக்காக ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றால் உடம்பின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கும். நடுக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு வந்தால் உடனே உலர்ந்த உடை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். பருத்தியை விட்டுவிட்டு, சீக்கிரம் காயும் விளையாட்டு ஜெர்சி போடுங்கள். ஒரு மாற்றுச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். காலுக்கு, விலை உயர்ந்த பூட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் போடும் கறுப்பு ரப்பர் காலணி, கம்போங் அடிடாஸ், சேற்றுச் சரிவுக்கு அருமையானது. அடியில் உள்ள குமிழ்கள் சேற்றுக்குள் இறங்கிப் பிடிக்கும். ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. அடி மெல்லியது என்பதால் தடித்த காலுறை தேவை. பாசி படிந்த பாறையில் எந்தக் காலணியும் வழுக்கும்.

இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்களின் தொடைதான் மறுநாள் அழும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு இதை வெகுவாகத் தாங்கும். தோட்டத்துத் தரை சமமானது, அங்கே நடந்து மட்டும் இந்தப் பழக்கம் வராது; படி வேண்டும். பத்துமலையின் 272 படிகள், ஒரு படி 15 முதல் 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், 40 முதல் 50 மீட்டர் உயரம். ஒரு மாதத்துக்கு முன்பிருந்து, பக்கத்தில் கிடைக்கும் எந்தப் படிக்கட்டிலும் வாரம் இரண்டு முறை ஏறி, அவசரப்படாமல் இறங்கிப் பழகுங்கள். கடைசிப் பயிற்சிக்கும் மலைக்கும் நடுவே நான்கைந்து நாள் விடுங்கள். வலிக்கும் தொடையோடு சாகில் வாசலில் போய் நிற்க வேண்டாம்.